மூடப்பட்ட ஒரு நகரப் பள்ளியின் மாணவர் கணக்கை மீட்டெடுப்பது எப்படி? சிகாகோவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

2013 மே 22 அன்று சிகாகோ கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் 49 தொடக்கப் பள்ளிகளையும் ஒரு உயர்நிலைப் பள்ளித் திட்டத்தையும் மூட முடிவெடுத்தது. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள், வகுப்பறைகள் காலியாகக் கிடக்கின்றன என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். சுமார் 12,000 குழந்தைகள் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் 88 சதவீதம் பேர் கறுப்பினக் குழந்தைகள். நகரத்தின் மொத்தப் பொதுப்பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 40 சதவீதம்தான்.

இப்படி மூடப்பட்ட ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு, அங்கே எத்தனை பேர் படித்தார்கள், யார் அவர்கள், எந்த ஆண்டிலிருந்து எண்ணிக்கை இறங்கியது, ஏன் இறங்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி? கல்வி ஆய்வு செய்பவர்கள், செய்தியாளர்கள், உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள், தங்கள் பழைய பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எல்லோரும் பின்பற்றக்கூடிய வழிமுறை இது. சிகாகோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே பொதுவில் கிடைக்கும் தரவு அதிகம். வழிமுறை பெரும்பாலும் மற்ற அமெரிக்க நகரங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி ஆண்டின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பள்ளி தானாகவே காலியானதுபோல் தோன்றும். இருபது முப்பது ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்து, அதன் பக்கத்திலேயே நகரம் எடுத்த முடிவுகளையும் எழுதினால்தான் உண்மை புரியும். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: எந்தப் பள்ளி என்பதை உறுதிசெய்யுங்கள்

இது எளிதாகத் தெரியும், ஆனால் பலர் தடுமாறுவது இங்கேதான். பள்ளி வேறு, கட்டடம் வேறு. 2013இல் சில இடங்களில், மாணவர்களை ஏற்றுக்கொண்ட பள்ளியே மூடப்பட்ட பள்ளியின் கட்டடத்துக்குக் குடிவந்தது. அப்டவுன் பகுதியில் ஸ்டாக்டன் பள்ளி மூடப்பட்டது. அதன் கட்டடத்துக்கு கோர்ட்னி பள்ளி வந்து சேர்ந்தது. முகவரியை வைத்துத் தேடினால் ஸ்டாக்டனின் எண்ணும் கோர்ட்னியின் எண்ணும் ஒரே கோட்டில் வந்து, பள்ளி தொடர்ந்து நடந்ததுபோலக் காட்டும்.

அதனால் பெயரையோ முகவரியையோ நம்பாமல் அடையாள எண்ணைப் பிடியுங்கள். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் ஒவ்வொரு பொதுப்பள்ளிக்கும் 12 இலக்க எண் கொடுக்கிறது. முதல் 7 இலக்கம் பள்ளி மாவட்டத்துக்கு (ஒரே நிர்வாகத்தின்கீழ் வரும் பள்ளிகளின் தொகுப்பு), கடைசி 5 பள்ளிக்கு. இதுபோக இல்லினாய் மாநிலம் ஒரு எண் கொடுக்கும், சிகாகோ பள்ளி நிர்வாகம் தனியாக ஒன்று கொடுக்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். சிகாகோவில் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் எட்டாம் வகுப்பு வரை. ஐந்தோடு முடியும் பள்ளியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும்.

படி 2: ஆண்டு வாரியாக, வகுப்பு வாரியாக அட்டவணை போடுங்கள்

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வரிசை, மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொன்றும் ஒரு நெடுவரிசை என்று எக்ஸெலில் போடுங்கள். புள்ளிவிவர மையத்தின் பள்ளிப் பட்டியல் 1986-87 கல்வியாண்டிலிருந்து கிடைக்கிறது. மாநில அரசு பள்ளிவாரியாக வெளியிடும் அறிக்கை அட்டைகளும் கிட்டத்தட்ட அந்தக் காலத்திலிருந்தே உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கல்வி வாரியத்தின் பழைய அச்சு அறிக்கைகளைத்தான் தேட வேண்டும்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை:

எண்ணிய நாள். தேசியத் தரவு அக்டோபர் 1ஐ ஒட்டிய நிலவரம். சிகாகோ நிர்வாகம் பள்ளி திறந்த 20ஆம் நாளில் கணக்கெடுக்கும். இரண்டும் சற்று மாறுபடும். ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

மழலையர் வகுப்புக்கு முந்தைய பிரிவு. சில அறிக்கைகள் அதைச் சேர்த்துச் சொல்லும், சில விட்டுவிடும். ஒரே ஆண்டுக்கு இரண்டு மொத்தங்கள் கிடைத்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

காலிக் கட்டம். பழைய கோப்புகளில் தகவல் இல்லை என்பதற்கு -1, பொருந்தாது என்பதற்கு -2 என்று போட்டிருப்பார்கள். கூட்டும்போது இவையும் எண்ணாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பூஜ்யம் போடுவதும் தவறு. வெற்றாக விட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

படி 3: குழந்தைகளைப் பின்தொடருங்கள்

அட்டவணை தயாரானதும் பெரும்பாலானவர்கள் வரைபடம் போட்டு, கோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இந்த ஆண்டு முதல் வகுப்பில் இருப்பவர்களை, போன ஆண்டு மழலையர் வகுப்பில் இருந்தவர்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்பை முந்தைய ஆண்டின் முதல் வகுப்பால் வகுங்கள். அட்டவணையில் குறுக்காகக் கீழிறங்கும் கணக்கு இது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மழலையர் வகுப்பில் 60 பேர், அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் 58 பேர் என்றால் விகிதம் 0.97. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து மழலையர் வகுப்பில் 40 பேர், அதற்கடுத்த ஆண்டு முதல் வகுப்பில் 39 பேர் என்றால், பள்ளி சுருங்கினாலும் விகிதம் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே வந்த குடும்பங்களுக்குப் பள்ளியைவிட்டுப் போகத் தோன்றவில்லை. புதிதாக வருபவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் சின்னக் குழந்தைகள் குறைந்தார்களா, அல்லது பக்கத்தில் வேறு பள்ளி திறந்ததா என்று வெளியே போய்த் தேட வேண்டும்.

மாறாக, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எல்லா வகுப்பிலும் விகிதம் ஒரே நேரத்தில் 0.75க்கு விழுந்தால், அந்த ஆண்டு ஏதோ நடந்திருக்கிறது. ஒரு குடியிருப்பை இடித்திருக்கலாம். பள்ளியின் சேர்க்கை எல்லையை மாற்றியிருக்கலாம். பள்ளி மூடப்படப் போகிறது என்ற பேச்சு கிளம்பியிருக்கலாம். ஏழாம் வகுப்பில் மட்டும் இறக்கம் தெரிந்தால் பதறாதீர்கள். சிகாகோவில் சில தேர்வுமுறை உயர்நிலைப் பள்ளிகள் ஏழாம் வகுப்பிலிருந்தே மாணவர்களை எடுக்கும்.

மூடல் அறிவிக்கப்பட்ட கடைசி ஆண்டைத் தனி நிறத்தில் காட்டுங்கள். சிகாகோவில் 2012-13 கல்வியாண்டு முழுக்கப் பட்டியல்மேல் பட்டியலாக வந்தது. முதலில் 330 பள்ளிகள் ‘குறைவாகப் பயன்படுபவை’ என்று பேசப்பட்டன, பிப்ரவரியில் அது 129 ஆனது, மார்ச்சில் 54. அப்படி ஒரு பட்டியலில் பெயர் இருக்கும் பள்ளியில் எந்தப் பெற்றோர் நிம்மதியாகப் பிள்ளையைச் சேர்ப்பார்?

படி 4: இனவாரி எண்ணிக்கை

சதவீதத்தையும் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். 300 பேர் கொண்ட பள்ளியில் ஒரு பிரிவு 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது என்றால் கூடியது ஆறு குழந்தைகள்.

2010-11இல் வகைப்பாடு மாறியது. அதற்கு முன் ஐந்து பிரிவுகள், பிறகு ஏழு. ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்’ என்பது புதிதாக வந்தது, பசிபிக் தீவினர் ஆசியர்களிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்) என்று குறித்தவர் எந்த இனமானாலும் லத்தீனோ கணக்கிலேயே வைக்கப்பட்டார். அந்த ஆண்டில் ஒரு பிரிவு திடீரென்று குறைந்தால், பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று எழுதுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். வரைபடத்தில் அந்த ஆண்டில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டால் படிப்பவருக்கும் புரியும்.

படி 5: வறுமை, மொழி, சிறப்புக் கல்வி

அமெரிக்கப் பள்ளித் தரவில் வறுமையை அளக்கும் வழக்கமான குறியீடு மதிய உணவு. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. 2013இல் மூடப்பட்ட சிகாகோ பள்ளிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த வரம்புக்குள் வந்தார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2014-15இலிருந்து சிகாகோவின் பொதுப்பள்ளிகளில் விண்ணப்பமே இல்லாமல் எல்லோருக்கும் இலவச உணவு தரும் திட்டம் வந்தது. குழந்தைகளுக்கு நல்லதுதான். ஆனால் அதன்பின் உணவுக் கணக்கை வைத்துப் பள்ளிகளை ஒப்பிட முடியாது. மூடப்பட்ட பள்ளியின் 2012 எண்ணை, பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பள்ளியின் 2016 எண்ணோடு வைத்து ‘வறுமை கூடிவிட்டது’ என்று யாராவது சொன்னால், அது வெறும் கணக்குமுறை மாற்றமாக இருக்கலாம்.

ஆங்கிலம் கற்போர் எண்ணிக்கையைப் படிக்கும்போது மாநிலச் சட்டத்தை நினைவில் வையுங்கள். ஒரு பள்ளியில் ஒரே தாய்மொழி பேசும் ஆங்கிலம் கற்போர் 20 பேர் இருந்தால் அந்த மொழியிலும் பாடம் நடத்த வேண்டும் என்பது இல்லினாய் விதி. 22 பேர் இருந்த பள்ளி மூடப்பட்டு, பிள்ளைகள் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போனால், எண்ணிக்கை மாறாமலே அந்த உரிமை கைநழுவிப் போகலாம்.

வீடற்ற மாணவர் எண்ணிக்கையையும் எடுங்கள். 1987இன் மக்கின்னி சட்டம் அவர்களுக்குத் தனி உரிமைகள் தருகிறது. இந்த எண் கூடிய பள்ளியில் ஆண்டின் நடுவே வருவோரும் போவோரும் அதிகம். அக்டோபர் கணக்கு அதைக் காட்டாது. மாநில அறிக்கையில் இடப்பெயர்வு விகிதம் தனியாக உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறப்புக் கல்வி எண்ணிக்கை அடுத்த படிக்குக் கட்டாயம் வேண்டும்.

படி 6: ‘காலி’ என்று சொன்ன சூத்திரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

நிர்வாகம் பயன்படுத்திய கணக்கு இது. கட்டடத்தில் உள்ள வகுப்பறைகளில் சுமார் 77 சதவீதத்தை வகுப்பு நடத்தும் அறைகளாக எடுத்துக்கொள்வார்கள். மீதி நூலகம், கணினி, இசை போன்றவற்றுக்கு. அந்த 77 சதவீத அறைகளை 30ஆல் பெருக்கினால் வருவது ‘உகந்த கொள்ளளவு’. அதில் 80 முதல் 120 சதவீதம் வரை மாணவர்கள் இருந்தால் சரியான பயன்பாடு. 80க்குக் கீழே போனால் குறைவான பயன்பாடு.

39 அறைகள் உள்ள ஒரு பள்ளியை வைத்துப் பார்ப்போம். வகுப்பு நடத்த 30 அறைகள். 30 பெருக்கல் 30, கொள்ளளவு 900. கீழ் எல்லை 720, மேல் எல்லை 1,080.

இப்போது அந்தப் பள்ளியில் ஒவ்வொரு அறையிலும் 23 குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 690. எல்லா அறையிலும் பாடம் நடக்கிறது, ஒரு அறைகூடப் பூட்டிக் கிடக்கவில்லை. ஆனால் சூத்திரப்படி இது 77 சதவீதம், அதாவது குறைவாகப் பயன்படும் பள்ளி. அறைக்கு 36 பேர் என்று அடைத்தாலும் அது ‘சரியான பயன்பாட்டின்’ மேல் எல்லைக்குள்ளேயே இருக்கும். அதே நிர்வாகத்தின் அப்போதைய வகுப்பளவு விதி மழலையர் முதல் மூன்றாம் வகுப்பு வரை 28, நான்கு முதல் எட்டு வரை 31. சின்னப் பிள்ளைகளுக்கு 28க்கு மேல் கூடாது என்று சொன்ன நிர்வாகம், கொள்ளளவைக் கணக்கிட 30ஐ எடுத்துக்கொண்டது. வசதியுள்ள பெற்றோர் பணம் கட்டித் தேடிப் போவது 20, 22 பேர் கொண்ட வகுப்பைத்தான். ஏழைக் குழந்தைகளுக்கு அது கிடைத்தபோது அதன் பெயர் வீணடிப்பு.

சிறப்புக் கல்வி இங்கே வருகிறது. தீவிர உதவி தேவைப்படும் குழந்தைகளின் தனி வகுப்பில் ஓர் அறைக்குச் சிலர் மட்டுமே இருப்பார்கள். சூத்திரம் அந்த அறையையும் 30 பேர் உட்காரக்கூடிய அறையாகவே எண்ணியது. ஹம்போல்ட் பார்க் பகுதியின் லஃபாயெட் பள்ளியில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான வகுப்புகள் இருந்தன, பெயர்பெற்ற நரம்பிசைக் குழுவும் இருந்தது. அதுவும் 2013இல் மூடப்பட்டது. கட்டடம் பிறகு கலைகளுக்கான ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனது.

ஆகவே உங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி அறைகள் எத்தனை என்று கண்டுபிடித்து, அவற்றைக் கழித்துவிட்டு ஒரு தடவை, அறைக்கு 24 என்று வைத்து ஒரு தடவை, அதிகாரபூர்வக் கணக்குப்படி ஒரு தடவை என மூன்று விதமாகப் போட்டு மூன்றையும் வெளியிடுங்கள். அறைகளின் பட்டியல் இணையத்தில் கிடைக்காவிட்டால் இல்லினாய் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் ஐந்து நாள் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள். கேள்வியைச் சுருக்கமாக, ஆண்டையும் ஆவணத்தின் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

படி 7: பள்ளியைவிட்டு வெளியே வந்து தெருவைப் பாருங்கள்

படி 3 எழுப்பிய கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும். பிரான்ஸ்வில் பகுதியின் ஆண்டனி ஓவர்டன் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்கிறேன். கறுப்பினத் தொழிலதிபரும் வங்கியாளருமான ஒருவரின் பெயர் கொண்ட பள்ளி. 1963இல் திறந்தது.

அந்த ஆண்டு முக்கியம். 1962இல் பக்கத்தில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற பொதுக் குடியிருப்பு முழுமையானது. 16 மாடிக் கட்டடங்கள் 28, வீடுகள் 4,400 அளவில். உச்சத்தில் சுமார் 27,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். அந்தக் காலத்தில் கறுப்பினப் பகுதிகளின் பள்ளிகள் பிதுங்கி வழிந்தன. பல இடங்களில் இரண்டு ஷிஃப்டாகப் பள்ளி நடந்தது. அருகிலிருந்த வெள்ளையர் பள்ளிகளில் இடம் இருந்தும் அங்கே அனுப்பாமல், நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ் விளையாட்டுத் திடல்களில் நகரும் வகுப்பறைகளை நிறுத்தினார். மக்கள் அவற்றுக்கு ‘வில்லிஸ் வண்டிகள்’ என்று பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் எதிர்த்து 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்தார்கள்.

அப்புறம் 2000இல் நகரம் தன் பொதுக் குடியிருப்புகளை மாற்றியமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸின் கடைசிக் கட்டடம் 2007இல் இடிபட்டது. 2000க்கும் 2010க்கும் இடையில் சிகாகோ சுமார் 2 லட்சம் பேரை இழந்தது. அதில் மிகப் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 1 லட்சத்து 80 ஆயிரம், கறுப்பினத்தவர். 2013இல் ஓவர்டன் மூடப்பட்டது. பிள்ளைகள் மாலிசன் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள்.

வீடுகளை இடித்தது அரசு. பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்று சொன்னதும் அரசுதான். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்காமல் மாணவர் எண்ணிக்கையை மட்டும் எழுதினால், அந்த எழுத்து உண்மையைப் பாதிதான் சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பள்ளியின் சேர்க்கை எல்லை வரைபடத்தை எடுங்கள். அதற்குள் வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களை (கணக்கெடுப்புக்காக நகரத்தைப் பிரித்த சிறு பகுதிகள்) குறித்து 1990, 2000, 2010 ஆண்டுகளுக்கு 5 முதல் 13 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கையை எடுங்கள். எல்லையும் வட்டமும் சரியாகப் பொருந்தாது. தோராயம் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், அந்தப் பகுதியின் பிள்ளைகளில் எத்தனை பங்கு இந்தப் பள்ளிக்கு வந்தது என்று தோராயமாகத் தெரியும். எல்லைக்கு வெளியிலிருந்து வந்தவர்களும் இதில் கலந்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

குழந்தைகள் குறைந்து அந்தப் பங்கு மாறாமல் இருந்தால் வீட்டுப் பிரச்சினையைப் பாருங்கள். குழந்தைகள் இருந்தும் பங்கு குறைந்தால் சுற்றிலும் திறந்த புதுப் பள்ளிகளைப் பாருங்கள். 2004இல் சிகாகோ 100 புதுப் பள்ளிகளைத் திறக்கும் திட்டத்தை அறிவித்தது. அவற்றில் பல சார்ட்டர் பள்ளிகள். பொதுப் பணத்தில் தனி நிர்வாகத்தின்கீழ் நடப்பவை. மாவட்டத்தின் மொத்தக் கணக்கில் சார்ட்டர் பிள்ளைகளும் அடங்குவதால், மொத்தம் மெல்ல இறங்கும்போது அந்தந்தப் பகுதியின் பழைய பள்ளிகள் வேகமாக இறங்கியது மறைந்துவிடும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

படி 8: மூடிய பிறகு

பள்ளி மூடியதோடு கணக்கு முடிவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2013இன் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. 66 சதவீதம் பேர் நிர்வாகம் குறித்துக் கொடுத்த பள்ளிக்கே போனார்கள். 93 சதவீதம் பேர் பழையதைவிட அதிக மதிப்பெண் பெற்ற பள்ளியில் சேர்ந்தார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2018இல் அதே குழு வெளியிட்ட முடிவில், மூடல் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் குறைந்ததும், கணிதத்தில் அந்தப் பாதிப்பு நான்கு ஆண்டுகள் நீடித்ததும் தெரிந்தது.

உங்கள் பள்ளிக்கு, பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட பள்ளியின் எண்ணிக்கையை 2012-13க்கும் 2013-14க்கும் வகுப்பு வாரியாக ஒப்பிடுங்கள். மூடப்பட்ட பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 40 பேர் இருந்து, அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்ட பள்ளியின் நான்காம் வகுப்பில் 22 பேர்தான் கூடியிருந்தால், மீதிப் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கலாம். பெயர்ப் பட்டியல் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, அதையும் எழுதிவிடுங்கள்.

படி 9: வெளியிடுவதற்கு முன்

பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் எண்ணாக வெளியிடாதீர்கள், ‘10க்குக் கீழ்’ என்று போடுங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு ஆசியக் குழந்தை, அதற்குச் சிறப்புக் கல்வி என்று எழுதினால் அந்தத் தெருவே அது யார் என்று சொல்லிவிடும். 1974இன் மாணவர் தனியுரிமைச் சட்டம் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவது. நம்மைக் கட்டுப்படுத்த சட்டம் தேவையில்லை.

அங்கே வேலை செய்த ஆசிரியர்கள், உணவுக்கூடப் பணியாளர்கள், படித்தவர்கள் சிலரிடமாவது அட்டவணையைக் காட்டுங்கள். ‘அந்த வருஷம்தான் எதிர்க் கட்டடத்தைக் காலி பண்ணாங்க’ என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, மாதக்கணக்கில் தேடிய காரணத்தைக் கொடுத்துவிடும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். ஆனால் முதலில் கேளுங்கள்.

கோப்பில் தனித் தாளாக ஒரு குறிப்பேடு சேர்த்து, ஒவ்வொரு எண்ணும் எந்த அறிக்கையிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். மூடப்பட்ட பள்ளிகளின் பக்கங்கள் நிர்வாகத்தின் தளத்திலிருந்து காணாமல் போகின்றன, அதனால் பார்க்கும் பக்கத்தை அன்றே சேமித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுக்க முன்வாருங்கள். சிகாகோவின் தெற்குப் பகுதிப் பள்ளி என்றால், உட்சன் வட்டார நூலகத்தில் உள்ள விவியன் ஹார்ஷ் தொகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். கறுப்பின மக்களின் வரலாற்றைச் சேர்த்து வைப்பதற்கென்றே இருக்கும் இடம் அது.